மொனோகுளோனல் பிறபொருளெதிரிகளைக் கொண்டு நிர்ப்பீடனக் கலங்களை இனங்காணல்: ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கான முழுமையான வழிகாட்டி

சிடி4 என்று எண்ணிடப்பட்ட மேற்பரப்பு மூலக்கூறைச் சுமக்கும் கலம் உதவி டி கலம் என்று படித்துவிட்டு ஆய்வுகூடத்துக்கு வருகின்ற மாணவர், ஒற்றைக்குழியங்களும் அதே சிடி4 ஐ மங்கலாகக் காட்டுவதை ஃப்ளோ சைட்டோமீற்றரின் (கலங்களை ஒவ்வொன்றாக லேசரின் முன் ஓடவிட்டு அளக்கும் கருவியின்) திரையில் விரைவிலேயே காண்பார். இயற்கைக் கொல்லிக் கலங்களின் அடையாளமாகச் சொல்லப்படும் சிடி16, குருதியிலுள்ள நடுநிலைநாடிகளின் மேற்பரப்பிலும் தாராளமாக உண்டு. சிடி56 சில டி கலங்களிலும், சிடி8 சில இயற்கைக் கொல்லிக் கலங்களிலும் தென்படும். ஒரு மொனோகுளோனல் பிறபொருளெதிரி (ஒரே கலவழி சுரக்கும் ஒரே வகைப் பிறபொருளெதிரி) இனங்காண்பது ஒரு மூலக்கூறை மட்டுமே. கலம் எதுவென்று சொல்வது பல பிறபொருளெதிரிகளின் சேர்க்கை. அந்தச் சேர்க்கையை நம்பலாமா என்று சொல்வது கட்டுப்பாட்டு மாதிரிகள். இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் இந்த ஒரு கருத்தையே சார்ந்திருக்கிறது.

பொரளை, கின்சி வீதி, மஹரகம என்று கொழும்பிலும் அதனை அண்டியும் அமைந்துள்ள மருத்துவ ஆய்வுகூடங்களில் பயிற்சிக்கு வரும் தமிழ் மொழிமூல மாணவர்களையும், மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்களையும், புதிதாக ஆய்வைத் தொடங்கும் பட்டப்பின் படிப்பு மாணவர்களையும் மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. கருவியின் கையேடு பொத்தான்களைச் சொல்லித் தரும். ஒவ்வொரு படியும் ஏன் அவ்வாறு செய்யப்படுகிறது என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

கருவியும் பிறபொருளெதிரியும்

1975 இல் கேம்பிரிட்ஜில் ஜோர்ஜஸ் கோலரும் சேசர் மில்ஸ்டைனும், நிர்ப்பீடனமூட்டப்பட்ட எலியின் மண்ணீரலிலிருந்து பெற்ற பி கலங்களை முடிவின்றிப் பிரியக்கூடிய மைலோமாக் கலங்களுடன் இணைத்து, ஒரே வகைப் பிறபொருளெதிரியைத் தொடர்ந்து சுரக்கும் கலவழிகளை உருவாக்கினார்கள். 1984 இல் நீல்ஸ் யேர்னேயுடன் சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதே காலப்பகுதியில் ஸ்ரான்ஃபோர்டில் லெனார்ட் ஹெர்சன்பர்க்கின் குழு, ஒளிரும் கலங்களை லேசர் கொண்டு அளந்து பிரித்தெடுக்கும் கருவியை வளர்த்தெடுத்தது. இவ்விரண்டும் சேர்ந்தபோது உலகெங்கும் பிறபொருளெதிரிகள் பெருகின. ஒரே மூலக்கூறுக்கு ஒவ்வோர் ஆய்வுகூடமும் ஒவ்வொரு பெயர் வைத்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காக 1982 இல் பாரிஸில் கூடிய சர்வதேசப் பட்டறையே இன்று நாம் பயன்படுத்தும் சிடி எண்களைத் தொடக்கிவைத்தது.

கருவியின் உள்ளே நடப்பது எளிமையானது. கலங்கள் மிதக்கும் திரவம், அதனைச் சூழ்ந்து ஓடும் உறைத் திரவத்தின் நடுவே மெல்லிய இழையாக ஒடுக்கப்படுகிறது. கலங்கள் ஒவ்வொன்றாக லேசர் கற்றையைக் கடக்கின்றன. முன்னோக்கிச் சிதறும் ஒளி கலத்தின் பருமனையும், பக்கவாட்டில் சிதறும் ஒளி உள்ளேயுள்ள சிறுமணிகளின் செறிவையும் அண்ணளவாகக் காட்டுகின்றன. பிறபொருளெதிரியுடன் பிணைக்கப்பட்ட ஒளிர்சாயம் லேசரை உறிஞ்சி நீண்ட அலைநீளத்தில் ஒளியை உமிழ்கிறது. வடிகட்டிகள் அதனை நிறம் நிறமாகப் பிரித்து உணரிகளுக்கு அனுப்புகின்றன. 488 நனோமீற்றர் நீல லேசரும் 640 நனோமீற்றரை அண்டிய சிவப்பு லேசரும் இருந்தால், வழமையான நிணநீர்க்குழியப் பரிசோதனைகள் அனைத்தையும் செய்துவிடலாம்.

குருதி மாதிரி

பெறுபேற்றின் தரம் பெரும்பாலும் கருவிக்கு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. நிணநீர்க்குழிய உபவகைகளை எண்ணுவதற்கு ஈடிடிஏ குழாயில் எடுத்த குருதி போதுமானது. கலங்களை வளர்ப்பூடகத்தில் தூண்டி அவற்றின் செயற்பாட்டை அளக்கப் போகிறீர்களெனில் ஹெப்பாரின் குழாய் வேண்டும். ஈடிடிஏ கல்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் தூண்டல் பலிக்காது.

குருதியை அறைவெப்பநிலையில், அதாவது ஏறத்தாழ 18 முதல் 25 பாகை செல்சியஸில் வைத்திருக்க வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. கொழும்பின் நண்பகல் 30 பாகையைத் தாண்டுவதால், குளிரூட்டப்படாத அறை இங்கே அந்த வரையறைக்குள் வராது. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ இரவுப் பேருந்தில் மாதிரி வருமெனில், வெப்பக்காப்புப் பெட்டிக்குள் குளிர்ப்பொதிகளை வைத்து, அவற்றுக்கும் குழாய்களுக்கும் இடையில் தடித்த துணியோ காகிதமோ இட்டு அனுப்பச் சொல்லுங்கள். பனிக்கட்டியின் மேல் நேரடியாக வைக்கப்பட்ட குருதியில் சில மேற்பரப்பு மூலக்கூறுகளின் ஒளிர்வு மாறும். வெப்பத்தில் கிடந்த குருதியில் நடுநிலைநாடிகள் முதலில் கெட்டு, சிதறல் வரைபடத்தில் நிணநீர்க்குழியங்களின் இடத்துக்குள் நுழையும். பொதுவாக 48 மணித்தியாலங்களுக்குள் நிறமூட்டிவிட வேண்டும். உறைந்த, கட்டிபிடித்த, அல்லது செங்குருதிக் கலங்கள் வெடித்துச் சிவந்த மாதிரியைத் தயங்காமல் திருப்பியனுப்புங்கள். நோயாளியிடம் மறுபடி குருதி எடுக்கச் சொல்வது சங்கடம்தான், ஆனால் பிழையான எண்ணைக் கொடுப்பது அதைவிடப் பெரிய தீங்கு.

எந்த மாதிரியையும் தொற்றுள்ளது என்றே கருதிக் கையாள வேண்டும். கையுறை, மேலங்கி, உயிரியல் பாதுகாப்புப் பெட்டகம் ஆகியவை எப்போதும் கட்டாயம். கருவியின் கழிவுக் கொள்கலனில் முன்கூட்டியே வெளிற்றுத் திரவம் இருக்க வேண்டும்.

பேனலை அமைத்தல்

எதை அறிய விரும்புகிறீர்கள் என்ற கேள்வியை ஒரு வாக்கியமாக எழுதிவிட்டே பிறபொருளெதிரிகளைத் தெரிவுசெய்ய வேண்டும். "இந்த நோயாளியின் ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் எத்தனை டி, பி, இயற்கைக் கொல்லிக் கலங்கள் உள்ளன?" என்பது கேள்வியாயின், ஆறு நிறப் பேனல் (சேர்த்து இடப்படும் பிறபொருளெதிரிகளின் தொகுப்பு) ஒன்று போதும்: எல்லா வெண்குருதிக் கலங்களுக்கும் சிடி45, டி கலங்களுக்கு சிடி3, அவற்றின் இரு பெரும் பிரிவுகளுக்கு சிடி4, சிடி8, பி கலங்களுக்கு சிடி19, இயற்கைக் கொல்லிக் கலங்களுக்கு ஒரே நிறத்தில் சிடி16 உம் சிடி56 உம். ஒளிர்சாயங்களைப் பொறுத்தவரை, சிடி3 ஐ எஃப்ஐடிசியிலும், சிடி16, சிடி56 ஆகியவற்றை பிஈயிலும், சிடி45 ஐ பெர்சிபி-சை5.5 இலும், சிடி4 ஐ பிஈ-சை7 இலும், சிடி19 ஐ ஏபிசியிலும், சிடி8 ஐ ஏபிசி-சை7 இலும் வைப்பது பரவலாகப் பின்பற்றப்படும் ஒழுங்கு.

இந்த ஒழுங்குக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. செறிவாகவும் தெளிவாகவும் உள்ள மூலக்கூறுக்கு மங்கலான சாயம் போதும்; அரிதான மூலக்கூறுக்குப் பிரகாசமான சாயத்தை ஒதுக்க வேண்டும். சிடி45 நிணநீர்க்குழியங்களில் ஏராளமாக இருப்பதால் மங்கலான சாயத்துடனும் நன்றாகத் தெரியும். ஒழுங்குபடுத்தும் டி கலங்களைத் தேடும்போது சிடி25 ஐ எஃப்ஐடிசியில் வைத்தால், இடைநிலை ஒளிர்வுள்ள கலங்களுக்கும் உயர் ஒளிர்வுள்ள கலங்களுக்கும் எல்லை தெரியாமல் போகும். பிஈ போன்ற பிரகாசமான சாயத்தில் வைத்து, சிடி127 குறைவாக இருப்பதையும் சேர்த்துப் பார்த்தாலே அவை பிரிந்து நிற்கும். இரண்டாவது விதி: ஒரே கலத்தில் சேர்ந்திருக்கும் இரு மூலக்கூறுகளுக்கு ஒளி அதிகமாக ஒன்றுடன் ஒன்று கலக்கும் சாயங்களைக் கொடுக்காதீர்கள். ஒரே கலத்தில் ஒருபோதும் சேர்ந்திராத சிடி3, சிடி19 போன்றவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு தளரும்.

குளோனின், அதாவது பிறபொருளெதிரியைச் சுரக்கும் கலவழியின், பெயரை எப்போதும் குறித்துவையுங்கள். ஓகேடி4 என்ற குளோன் பிணையும் சிடி4 இன் பகுதி, மரபு வேறுபாடு காரணமாகச் சில மனிதர்களில் இல்லை. அவர்களுக்கு அந்தக் குளோனை மட்டும் பயன்படுத்தினால் உதவி டி கலமே இல்லாதது போன்ற பெறுபேறு வரும்; வேறொரு குளோனில் எண்ணிக்கை சாதாரணமாக இருக்கும். சிகிச்சையும் இப்படி இலக்கை மறைக்கலாம். ரிட்டுக்சிமாப் பெற்ற நோயாளியில் சிடி20 இன் மேல் அந்த மருந்தே உட்கார்ந்திருக்கும் என்பதால், எஞ்சிய பி கலங்களைத் தேட சிடி19 ஐயே நம்ப வேண்டும். டரட்டுமுமாப் பெற்றவரில் சிடி38 க்கும் இதே நிலைதான். ஆகவே கோரிக்கைப் படிவத்தில் நோயாளி பெறும் மருந்துகளை எழுதுவதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும், அது நிரப்பப்பட்டிருக்கவும் வேண்டும்.

பிறபொருளெதிரியின் அளவைத் தீர்மானித்தல்

குப்பியில் குறிப்பிடப்பட்ட அளவு, அதைத் தயாரித்தவரின் நிபந்தனைகளுக்கு உரியது. அளவு குறைந்தால் கலங்கள் முழுமையாக ஒளிரா. கூடினால் பிறபொருளெதிரி தொடர்பற்ற கலங்களிலும் ஒட்டி, எதிர்மறைக் கூட்டம் மேலே ஏறும். கொழும்புக்கு ஒவ்வொரு குப்பியும் வெளிநாட்டிலிருந்து குளிர்ச் சங்கிலியில் வந்து சேர்கிறது. அதன் விலையையும், ஒரு கொள்வனவுக்காகக் காத்திருக்கும் காலத்தையும் அறிந்தவர்களுக்கு, தேவைக்கு மேல் ஒரு மைக்ரோலீற்றரைக்கூடச் செலவழிக்காமலிருப்பதன் அருமை தெரியும். டைட்ரேஷன், அதாவது அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பொருத்தமானதைக் கண்டறிதல், இந்த இரண்டு நோக்கங்களையும் ஒரே நாளில் நிறைவேற்றுகிறது.

குப்பியில் சொல்லப்பட்ட அளவின் இரு மடங்கில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைத்து ஆறு அல்லது ஏழு குழாய்களைத் தயாரியுங்கள். எல்லாக் குழாய்களிலும் கலங்களின் எண்ணிக்கையும் மொத்தக் கனவளவும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பிணைப்பு செறிவைப் பொறுத்தது என்பதால், கனவளவு மாறினால் ஒப்பீடு அர்த்தமற்றுப் போகும். பின்னர் ஒவ்வொரு குழாயிலும் நேர்மறைக் கூட்டத்தின் இடையத்திலிருந்து எதிர்மறைக் கூட்டத்தின் இடையத்தைக் கழித்து, எதிர்மறைக் கூட்டத்தின் நியம விலகலின் இரு மடங்கால் வகுங்கள். இதுவே நிறமூட்டற் சுட்டி. வரைபில் அது ஏறி, உச்சியை அடைந்து, மறுபடி இறங்கும். உச்சியை அண்டிய அளவைத் தெரிவுசெய்து, அதனைக் குளோன், சாயம், தொகுதி இலக்கம், திகதி ஆகியவற்றுடன் பதிவேட்டில் எழுதுங்கள். பல வேளைகளில் அது குப்பியில் சொல்லப்பட்ட அளவைவிடக் குறைவாகவே அமையும். தொகுதி மாறும்போது முழு டைட்ரேஷனையும் மறுபடி செய்ய இயலாவிட்டாலும், பழைய தொகுதியையும் புதிய தொகுதியையும் ஒரே குருதியில் அருகருகே வைத்தாவது ஒப்பிட வேண்டும்.

சாயம் பிணைக்கப்பட்ட பிறபொருளெதிரிகளை 2 முதல் 8 பாகையில், இருளில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. பிஈயும் ஏபிசியும் புரதங்கள் என்பதால், உறைந்து உருகினால் அவை சிதையும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்ததை நாம் மறக்க முடியாது. மின்பிறப்பாக்கியுடன் இணைக்கப்பட்ட குளிர்சாதனப் பெட்டியும், அதனுள் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையைப் பதியும் வெப்பமானியும் இந்த வேலைக்கு அடிப்படைத் தேவைகள். பிஈ-சை7, ஏபிசி-சை7 போன்ற டேண்டம் சாயங்கள் (இரு சாயங்களைப் பிணைத்து ஆக்கியவை) இதில் மிகவும் மென்மையானவை. வெப்பமும் வெளிச்சமும் நீண்டநேரம் பதனப்பொருளில் இருப்பதும் இணைப்பை உடைக்கும். அப்போது பிஈ-சை7 இன் ஒளி பிஈயின் உணரியில் கசிந்து, இல்லாத ஒரு கலக்கூட்டத்தை உருவாக்கிக் காட்டும்.

நிறமூட்டல்

முழுக் குருதியை நிறமூட்டிப் பின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும் முறையே வழமையான பரிசோதனைகளுக்குச் சிறந்தது. கலங்களை அடர்த்திப் படிவில் பிரித்தெடுக்கும்போது சில வகைகள் மற்றவற்றைவிட அதிகமாக இழக்கப்படுகின்றன.

முதலில் குழாய்களில் நோயாளியின் இலக்கத்தையும் பேனலின் பெயரையும் எழுதுங்கள். தீர்மானித்த அளவில் கலந்து வைத்த பிறபொருளெதிரிக் கலவையைக் குழாயின் அடியில் இடுங்கள். குருதிக் குழாயை மெதுவாகப் பத்துத் தடவையாவது கவிழ்த்து நிமிர்த்திக் கலக்கி, 100 மைக்ரோலீற்றரைக் குழாயின் அடியிலேயே சேர்க்க வேண்டும். சுவரில் ஒரு துளி குருதி ஒட்டிக்கொண்டால் அதிலுள்ள கலங்கள் நிறமேறாமல் தங்கி, பின்னர் கழுவும்போது கீழிறங்கி எதிர்மறைக் கலங்களாக எண்ணப்படும். அப்படி ஒட்டியிருந்தால் பஞ்சு சுற்றிய குச்சியால் துடைத்தெடுங்கள்; எண்ணிக்கை தெரிந்த நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளுடன் சேர்த்துக் கலங்களை எண்ணும் குழாயாயின், அதனை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

மெதுவாகச் சுழற்றிக் கலந்து, இருளில் அறைவெப்பநிலையில் 15 முதல் 20 நிமிடங்கள் வையுங்கள். அதன்பின் அமோனியம் குளோரைட்டை அடிப்படையாகக் கொண்ட சிதைப்புக் கரைசலை 2 மில்லிலீற்றர் சேர்த்து, ஏறக்குறைய 10 நிமிடங்கள் விடுங்கள். கலங்கலான குழாய் தெளிந்து, ஒளியில் பிடித்தால் செந்நிறம் ஊடுருவித் தெரியும் நிலை வந்தால் சிதைப்பு முடிந்தது. சிசுக்களின் குருதியிலும், தலசீமியா போன்ற நிலைகளிலும் செங்குருதிக் கலங்கள் எளிதில் சிதையா. அந்த மாதிரிகளில் நேரத்தை அளவின்றி நீட்டினால் வெண்குருதிக் கலங்களும் கெடும் என்பதால், சிடி45 ஐக் கொண்டு அவற்றை வரைபடத்தில் விலக்குவதே பாதுகாப்பானது.

300 ஜி விசையில் 5 நிமிடங்கள் மையநீக்கி, மேலுள்ள திரவத்தை ஊற்றி, ஒரு சதவீதமளவு மாட்டுச் சீரம் சேர்த்த பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசலால் ஒருமுறை கழுவுங்கள். அதே நாளில் கருவியில் ஓட்டுவதாயின் 300 முதல் 500 மைக்ரோலீற்றர் அதே கரைசலில் கலங்களை மிதக்கவிடலாம். தாமதமாகுமெனில் ஒரு சதவீத பராஃபோர்மல்டிஹைட்டில் பதனிட்டு, இருளில், குளிரில் வைத்து 24 மணித்தியாலங்களுக்குள் ஓட்டிவிட வேண்டும். கரைசலில் சோடியம் அசைட் இருந்தால் அதனைச் செப்புக் குழாயுள்ள தொட்டியில் ஊற்றாதீர்கள். உலோகத்துடன் சேர்ந்து வெடிக்கக்கூடிய சேர்வைகளை அது உண்டாக்கும்.

பிரித்தெடுத்த அல்லது உறையவைத்து உருக்கிய கலங்களுடன் வேலைசெய்பவர்களுக்கு இரண்டு மேலதிகப் படிகள் உண்டு. ஒற்றைக்குழியங்களும் பி கலங்களும் பிறபொருளெதிரியின் வால்ப் பகுதியைப் பிடிக்கும் எஃப்சி வாங்கிகளைக் கொண்டிருப்பதால், நிறமூட்டுவதற்குப் பத்து நிமிடங்கள் முன்பே அவற்றை மனித இம்யூனோகுளோபுலின் கொண்டு அடைக்க வேண்டும். இறந்த கலங்கள் ஏறக்குறைய எந்தப் பிறபொருளெதிரியையும் உள்வாங்கும். 7-ஏஏடி போன்ற சாயத்தால் அவற்றைக் குறித்து விலக்காவிட்டால், அரிய கலங்களைப் பற்றிய எந்த முடிவும் செல்லாது. பதனிடப் போகும் கலங்களுக்குப் பதனிடலைத் தாங்கும் உயிர்ச்சாயம் வேண்டும்.

கட்டுப்பாட்டு மாதிரிகளும் கொம்பன்சேஷனும்

எஃப்ஐடிசியின் ஒளி ஏறத்தாழ 520 நனோமீற்றரில் உச்சமடைந்தாலும், அதன் வால் பிஈயின் உணரிக்குள்ளும் நீள்கிறது. இந்தக் கசிவைக் கணித்துக் கழிப்பதே கொம்பன்சேஷன். அதற்குப் பேனலிலுள்ள ஒவ்வொரு சாயத்துக்கும் அச்சாயம் மட்டும் இடப்பட்ட ஒரு குழாய் தேவை. அந்தக் குழாயிலுள்ள நேர்மறை ஒளிர்வு, உண்மையான மாதிரியிலுள்ளதற்குச் சமமாக அல்லது அதைவிடப் பிரகாசமாக இருக்க வேண்டும். எதிர்மறைக் கூட்டமும் நேர்மறைக் கூட்டமும் ஒரே வகைப் பொருளாக இருக்க வேண்டும், அதாவது மணிகளுடன் மணிகள், கலங்களுடன் கலங்கள். டேண்டம் சாயங்களுக்கு மாதிரியில் பயன்படுத்திய அதே குப்பியே கட்டுப்பாட்டிலும் பயன்பட வேண்டும். சரியாகக் கணித்த பின், எஃப்ஐடிசி நேர்மறைக் கூட்டத்தினதும் எதிர்மறைக் கூட்டத்தினதும் பிஈ இடையங்கள் சமமாகும். வரைபடத்தில் கூட்டம் அழகாக நேராக நிற்கும்வரை கையால் எண்களை மாற்றுகின்ற பழக்கம் இன்றும் பல இடங்களில் உண்டு. அதனைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கண் கூட்டத்தின் விளிம்பைப் பார்க்கிறது, கணிப்பு இடையத்தைப் பார்க்கிறது. சரியான கொம்பன்சேஷனுக்குப் பிறகும் பிரகாசமான கூட்டம் அகன்றே தெரியும். அது ஒளித்துணிக்கைகளின் இயல்பான ஏற்ற இறக்கம், கழித்து அகற்றக்கூடியதன்று.

அந்த அகலம் காரணமாகவே எஃப்எம்ஓ கட்டுப்பாடு தேவைப்படுகிறது. பேனலிலுள்ள எல்லாப் பிறபொருளெதிரிகளையும் இட்டு, ஆராயும் ஒன்றை மட்டும் விட்டுவிட்டால், மற்ற நிறங்களின் பரவல் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பது தெரியும். நேர்மறை எல்லையை அதற்கு மேலே வரையலாம். சிடி3, சிடி19 போலத் தெளிவாகப் பிரியும் மூலக்கூறுகளுக்கு இது தேவையில்லை. சிடி25, சிடி38 போலத் தொடர்ச்சியாக மங்கலிலிருந்து பிரகாசமாக ஏறும் மூலக்கூறுகளுக்கு இது இல்லாமல் எல்லை வரைவது வெறும் ஊகம். ஐசோடைப் கட்டுப்பாடு (இலக்கு எதிலும் பிணையாத, அதே வகைப் பிறபொருளெதிரி) ஒட்டுதல் அதிகமாக இருக்கிறதா என்று எச்சரிக்கலாம், எல்லையைத் தீர்மானிக்க உதவாது.

கருவியில்

லேசர்களை இயக்கி அரைமணி நேரமாவது சூடேற விடுங்கள். அறையின் குளிரூட்டி இரவில் நிறுத்தப்பட்டுக் காலையில் இயக்கப்படும் இடங்களில், வெப்பநிலை நிலைகொள்ளும்வரை ஒளியியல் ஒழுங்கும் நகரும். தரக்கட்டுப்பாட்டு மணிகளை ஓட்டி, அன்றைய எண்களை முந்தைய நாட்களின் வரைபில் குறித்த பின்பே நோயாளி மாதிரியைத் தொடுங்கள். மாதிரியை ஓட்டும்போது நேரத்தை ஓர் அச்சில் வைத்த வரைபடம் ஒன்றைத் திறந்து வையுங்கள். காற்றுக் குமிழியோ அடைப்போ வந்தால் அதில் உடனே இடைவெளி தெரியும். குறைந்த ஓட்ட வேகமே கூட்டங்களைக் கூர்மையாகக் காட்டும்.

எத்தனை நிகழ்வுகளை (கருவி பதியும் ஒவ்வொரு கலமும் ஒரு நிகழ்வு) சேகரிப்பது என்பதை எண்ணிக்கையின் கணிதம் சொல்லும். எண்ணிய கலங்கள் 100 ஆயின் மாறுபாட்டுக் குணகம் 10 சதவீதம். 10,000 ஆயின் ஒரு சதவீதம். பத்தாயிரத்தில் ஒன்றாக உள்ள கலத்தை 10 சதவீத மாறுபாட்டுடன் அளக்க வேண்டுமெனில் பத்து இலட்சம் நிகழ்வுகள் வேண்டும்.

கேட் வரைதல்

கேட் என்பது வரைபடத்தில் ஒரு கலக்கூட்டத்தைச் சுற்றி வரையும் எல்லை. இனங்காணல் உண்மையில் நடைபெறுவது இங்கேதான். அவசரப்படாமல் ஒவ்வொரு படியிலும் விலக்கப்படும் கலங்களையும் பாருங்கள்.

முதலாவதாக, முன்னோக்கிய சிதறலின் பரப்பளவை அதன் உயரத்துக்கு எதிராக வரைந்து, மூலைவிட்டத்தில் விழும் தனிக் கலங்களை மட்டும் எடுங்கள். ஒட்டிய இரட்டைகள் பரப்பளவில் கூடி, உயரத்தில் கூடாமல் பக்கத்தில் நிற்கும். ஒரு டி கலமும் ஒரு பி கலமும் ஒட்டிச் சென்றால் சிடி3 உம் சிடி19 உம் ஒன்றாகக் கொண்ட புதுமையான கலம் போலத் தோன்றும். அத்தகைய கண்டுபிடிப்புகளில் பெரும்பாலானவை இந்தப் படியிலேயே மறைந்துவிடும்.

இரண்டாவதாக, சிடி45 ஐப் பக்கச் சிதறலுக்கு எதிராக வரையுங்கள். சிடி45 மிகப் பிரகாசமாகவும் பக்கச் சிதறல் குறைவாகவும் உள்ளவை நிணநீர்க்குழியங்கள். சற்று மேலே ஒற்றைக்குழியங்கள். பக்கச் சிதறல் மிக அதிகமாகவும் சிடி45 சற்றுக் குறைவாகவும் உள்ளவை சிறுமணிக் குழியங்கள். சிதையாத செங்குருதிக் கலங்களும் துணுக்குகளும் சிடி45 இன்றி இடப்பக்கத்தில் கிடக்கும். பருமனையும் சிறுமணியையும் மட்டும் வைத்து வரையும் பழைய முறையைவிட இது தெளிவானது. சிடி45 மங்கலாகவும் பக்கச் சிதறல் குறைவாகவும் ஒரு கூட்டம் புதிதாகத் தோன்றினால் அதனை நிணநீர்க்குழியக் கேட்டுக்குள் சேர்க்காதீர்கள், அழித்தும்விடாதீர்கள். அது முதிராக் கலங்களாக இருக்கலாம். குருதியியல் நிபுணருக்கு உடனடியாகத் தெரிவிக்க வேண்டும்.

மூன்றாவதாக, நிணநீர்க்குழியங்களை சிடி3 க்கும் சிடி19 க்கும் எதிராகப் பிரித்தால் டி கலங்களும் பி கலங்களும் தனியாகும். இரண்டும் இல்லாதவற்றுள் சிடி16 அல்லது சிடி56 உள்ளவை இயற்கைக் கொல்லிக் கலங்கள். சிடி3 நேர்மறையானவற்றை மட்டும் சிடி4, சிடி8 அச்சுகளில் வரைய வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால், ஒற்றைக்குழியங்களின் மங்கலான சிடி4 உதவி டி கலங்களுடனும், இயற்கைக் கொல்லிக் கலங்களின் மங்கலான சிடி8 நச்சுக்கொல்லி டி கலங்களுடனும் கலந்துவிடும்.

கொழும்பில் வேலைசெய்பவர்கள் டெங்குக் காலத்தில் இந்தக் கேட்டுகளை மேலும் கவனமாக வரைய வேண்டும். 2017 இல் மட்டும் இலங்கையில் 186,000 க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். மழைக்காலங்களில் ஆய்வுகூடத்துக்கு வரும் குருதியில் அந்நோயாளிகளுடையதும் இருக்கும். காய்ச்சல் தொடங்கிச் சில நாட்களில் அவர்களின் குருதியில் பிளாஸ்மாபிளாஸ்ட்கள் பெருமளவில் பெருகுகின்றன. இவை சிடி19 உள்ளவை, சிடி20 குறைந்தவை, சிடி27 உம் சிடி38 உம் மிக உயர்ந்தவை, சாதாரண நிணநீர்க்குழியத்தைவிடப் பெரியவை. சுகதேகியின் குருதியில் வரைந்த இறுக்கமான சிறிய கேட்டை அப்படியே இந்த மாதிரியில் பதித்தால், நோயின் மிக முக்கியமான கலங்கள் கேட்டுக்கு வெளியே, ஒற்றைக்குழியங்களை நோக்கிச் சாய்ந்தபடி நிற்கும். பி கலங்கள் குறைந்துவிட்டன என்று பிழையாக எழுதுவோம். கேட்டை மேலும் வலமும் தளர்த்தி, சிடி14 நேர்மறையான ஒற்றைக்குழியங்களை விலக்கிவிட்டு, பின்னர் சிடி27 க்கும் சிடி38 க்கும் எதிராக வரைந்து பார்த்தால் அவை மேல் வல மூலையில் தனிக் கூட்டமாகத் தெரியும். தெரிந்த பின், அந்தக் கூட்டத்தை மட்டும் நிறமிட்டுச் சிதறல் வரைபடத்தில் பின்னோக்கிப் பாருங்கள். எந்தக் கேட்டின் பொருத்தத்தையும் சோதிப்பதற்கு இந்தப் பின்னோக்கிய பார்வையைவிட நல்ல வழியை நான் அறியேன்.

எண்ணிக்கையும் உள்ளகச் சரிபார்ப்பும்

சதவீதம் மட்டும் போதாது. எச்ஐவி தொற்றுள்ள வளர்ந்தவர் ஒருவரில் சிடி4 கலங்கள் மைக்ரோலீற்றருக்கு 200 க்குக் குறைந்தால் உலக சுகாதார நிறுவனம் அதனை முற்றிய நோய்நிலையாகக் கொள்கிறது. இத்தகைய முடிவுகளுக்குத் தனி எண்ணிக்கை, அதாவது ஒரு மைக்ரோலீற்றரிலுள்ள கலங்களின் எண்ணிக்கை, வேண்டும். எண்ணிக்கை தெரிந்த மணிகள் உள்ள குழாயில், கழுவாமல் செய்யும் முறையே நம்பகமானது, ஏனெனில் கழுவினால் கலங்களும் மணிகளும் இழக்கப்படும். 50,000 மணிகளுள்ள குழாயில் 50 மைக்ரோலீற்றர் குருதி இட்டு, 5,000 மணிகளைச் சேகரிக்கும்போது 2,100 சிடி4 டி கலங்கள் பதிவானால், 2,100 ஐ 5,000 ஆல் வகுத்து, 50,000 ஐ 50 ஆல் வகுத்த பெறுமானமான 1,000 ஆல் பெருக்க வேண்டும்: மைக்ரோலீற்றருக்கு 420 கலங்கள். முழுக் கணிப்பும் அந்த 50 மைக்ரோலீற்றரின் துல்லியத்தில் தங்கியிருப்பதால், பிப்பெட்டின் இரண்டாம் நிறுத்தம்வரை உறிஞ்சி முதலாம் நிறுத்தம்வரை மட்டும் வெளியேற்றும் எதிர்முறையைப் பயன்படுத்துங்கள்.

பெறுபேற்றை வெளியிடுமுன் எண்களே ஒன்றையொன்று சோதிக்கட்டும். டி, பி, இயற்கைக் கொல்லிக் கலங்களின் சதவீதங்களைக் கூட்டினால் 95 க்கும் 105 க்கும் இடையில் வர வேண்டும். குறைந்தால் கேட்டுக்குள் நிணநீர்க்குழியமல்லாதவை புகுந்திருக்கலாம், அல்லது ஒரு பிறபொருளெதிரி இடப்படாமல் போயிருக்கலாம். சிடி4, சிடி8 டி கலங்களின் கூட்டுத்தொகை மொத்த சிடி3 க்கு அண்மித்ததாக இருக்க வேண்டும். பெரிய இடைவெளி இருந்தால், இரண்டுமற்ற காமா-டெல்டா டி கலங்கள் உண்மையாகவே கூடியிருக்கின்றனவா என்று அதற்குரிய பிறபொருளெதிரி கொண்டு பார்க்க வேண்டும்.

அறிக்கையில் சதவீதத்தையும் தனி எண்ணிக்கையையும், நோயாளியின் வயதுக்குரிய சாதாரண வீச்சுடன் எழுதுங்கள். குழந்தைகளின் நிணநீர்க்குழிய எண்ணிக்கை வளர்ந்தவர்களைவிடப் பெரிதும் உயர்ந்தது என்பதால், வளர்ந்தவரின் வீச்சை இட்டால் குறைபாடுள்ள சிசுவும் சாதாரணமாகத் தோன்றும். குருதி எடுத்த நேரம், நிறமூட்டிய நேரம், மாதிரியின் நிலை, பயன்படுத்திய குளோன்கள், தொகுதி இலக்கங்கள் ஆகியன பதிவில் இருக்கட்டும். கருவி தந்த மூலக் கோப்பைக் கேட்டுகள் வரையப்பட்ட வார்ப்புருவுடன் சேர்த்து, ஆய்வுகூடக் கணினியிலும் அதற்கு வெளியே இன்னோர் இடத்திலும் சேமியுங்கள். ஆறு மாதங்களின் பின் அதே நோயாளி மறுபடி வரும்போது, இரண்டு மாதிரிகளையும் ஒரே வார்ப்புருவில் திறந்து ஒப்பிட முடியும்.